பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் சாம்பா உள்ளே விடவில்லை

வணக்கம். உபுண்டு லினக்ஸ் கணினியில் பகிர்ந்த ஃபோல்டர் விண்டோஸ் 10-இல் தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும் தவறு என்றே வருகிறது என்கிறீர்கள். நீங்கள் கொடுப்பது உபுண்டு லாகின் பாஸ்வேர்டு தானே? உபுண்டு ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருளான சாம்பா அதைப் பார்ப்பதே இல்லை. தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

டெர்மினலில் சூடோ, இடைவெளி, அடுத்து எஸ்எம்பிபாஸ்வேர்டு கட்டளை, இடைவெளி, மைனஸ் ஏ, இடைவெளி, உங்கள் உபுண்டு யூசர் பெயர். எஸ்எம்பிபாஸ்வேர்டு என்பதை ஒரே சொல்லாக, சின்ன எழுத்தில் அடியுங்கள். பாஸ்வேர்டு என்பதில் ஓ, ஆர் இரண்டும் கிடையாது. நானே இதில் அரைமணி நேரம் தடுமாறியிருக்கிறேன். புது பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

அப்புறம் விண்டோஸ் பக்கம். பழைய தவறான பாஸ்வேர்டை அது நினைவில் வைத்திருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, உபுண்டு கணினியின் பெயரில் உள்ளதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். யூசர் பெயர் கேட்கும் இடத்தில் விண்டோஸ் பெயரை அல்ல, உபுண்டு பெயரைக் கொடுங்கள்.

உள்ளே போக முடிந்து, ஃபைலைச் சேமிக்க மட்டும் முடியாவிட்டால், உபுண்டுவில் அந்த ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி இல்லாதது காரணமாக இருக்கலாம்.

எஸ்எம்பி 1-ஐ, அதாவது ஃபைல் பகிர்வுக்கான பழைய முறையை, ஆன் செய்யச் சொல்லி யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.