வீட்டை அடகு வைக்காதீர்கள், அவள் கெமிஸ்ட்ரி படிக்கட்டும்

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா பேசினார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் அரசு இடத்துக்குப் போதவில்லை. வீட்டை வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடு என்று மாமாவும் சித்தப்பாவும் நெருக்குகிறார்கள். மகளோ, 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்: பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியா ஒரு தண்ணீரில் பிழைக்கிறது, அதே அளவு பாதரசம் உள்ள வேறொரு தண்ணீரில் சாகிறது. ஏன்?

அம்மா, ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்பது ஒரே வீடு, பின்னால் இளையவன் படிப்பும் நிற்கிறது. நெருக்குகிறவர்களில் ஒருவராவது மாதாமாதம் வட்டி கட்ட வருவாரா? அடகு வேண்டாம். மறுபடி நீட், பி.டெக். பற்றியெல்லாம் பத்துப் பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

அவள் கேள்விக்கு வருவோம். அந்த பாக்டீரியாவிடம் 'மெர்' என்ற மரபணுத் தொகுப்பு இருக்கிறது. உள்ளே வரும் பாதரச அயனியை அது ஆவியாகும் உலோகப் பாதரசமாக மாற்றி வெளியேற்றிவிடும். அதற்கும் ஓர் அளவு உண்டு, மீறினால் சாவுதான். உள்ளே எவ்வளவு நுழையும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. மக்கிய இலைதழையிலிருந்து கரைந்துவரும் கரிமப் பொருளில் உள்ள கந்தகம் பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொண்டால் நச்சு குறையும். உப்பின் அளவும் அமிலத்தன்மையும் பாதரசத்தின் வடிவத்தையே மாற்றும். ஆய்வகத்தில் நியூட்ரியன்ட் பிராத் என்ற சத்துக் கரைசலில் வளர்த்துப் பார்த்தாலும் இதே கதை: அதிலுள்ள புரதச் சத்துகள் பாதரசத்தைக் கட்டிவிடும், பாக்டீரியா உண்மையைவிடப் பலசாலியாகத் தெரியும். பாதரசம் செல்லுக்குள் போனால் மட்டும் ஒளிரும்படி மாற்றிய பாக்டீரியாக்கள்கூட உண்டு. மொத்தப் பாதரசத்தில் எவ்வளவு உயிருக்குள் போகிறது என்று அவற்றை வைத்து அளக்கிறார்கள்.

பாக்டீரியா என்றதும் எல்லோரும் மைக்ரோபயாலஜியைக் காட்டுவார்கள். அவள் கேள்வியின் பாதி தண்ணீரில் இருக்கிறது. அதனால் என் யோசனை, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழல் அறிவியல் அல்லது பகுப்பாய்வு வேதியியல். குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய அளவை அளக்க கோல்டு வேப்பர் (குளிர் ஆவி) முறையில், பாதரச அயனியை ஆவியாக்கித்தான் பிடிக்கிறார்கள். பாக்டீரியா செய்வதும் அதுதானே! இதைக் கையால் செய்யத் தெரிந்தவருக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கட்டும். முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

ஒன்று மட்டும். அவளுக்குக் கெமிஸ்ட்ரி கசந்தால் என் யோசனையையும் தள்ளிவிடுங்கள், மைக்ரோபயாலஜியே எடுக்கட்டும். அதை அவள் வாயால் கேட்க வேண்டும். அடுத்த முறை போனை அவளிடம் கொடுங்கள் அம்மா. சித்தப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.