அப்பாவின் ஆபரேஷனை ஏன் தள்ளி வைத்தார்கள்?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உள்ள அப்பாவின் கல்லீரல் கட்டியை உடனே எடுக்காமல், பல டாக்டர்கள் கூடிப் பேசி ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது. அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும்.

கட்டியை எடுத்தபின் மிஞ்சும் கல்லீரல் போதுமா என்பதுதான் பெரிய கேள்வி. நல்ல கல்லீரல் என்றால் கால் பங்கு மிஞ்சினாலும் பொதுவாகச் சமாளித்துவிடும். சிரோசிஸ் இருந்தால் சுமார் 40 சதவீதமாவது வேண்டும். எங்களுக்கு ரேடியாலஜிஸ்ட் சி.டி. படத்தில் வெட்டப்போகும் கோட்டைக் காட்டி, மிஞ்சுவது போதாது என்றார். கட்டி இருந்த பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைத்தார்கள். அந்த ரத்தம் மறுபக்கம் போனதால், சில வாரங்களில் அந்தப் பக்கம் வளர்ந்தது. அப்புறம்தான் ஆபரேஷன்.

அதற்குள் டயட்டீஷியன் சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டினார். பிசியோதெரபிஸ்ட் மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தார். முதல் நாள் அம்மாவால் ஒரு பந்தைத்தான் தூக்க முடிந்தது.

நாளைக்கே கேளுங்கள்: மிஞ்சும் பங்கு எவ்வளவு, அடுத்த ஸ்கேன் எப்போது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? வயிறு வீங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ ஸ்கேன் தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.