எழுபது வயசுக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கு, அண்ணாச்சி

கேள்வி: எனக்கு வயது 56, சுகர் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் 79 வயது அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் ஆபரேஷன் முடிந்தது. அப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள், டயப்பர், பிசியோதெரபி என்று மாதம் 18,000 வீதம் எட்டு மாதம் செலவு. 70 வயதுக்கு மேல் 5 லட்சம் வரை அரசே பார்க்கும் என்பதால், எனக்கும் மனைவிக்கும் இருந்த மருத்துவ பாலிசியை (வருஷம் 32,000) விட்டுவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் 1.75 லட்சத்தில் தொடங்கிய நகைக்கடன் இப்போது 4 லட்சம். எல்லாம் சுரண்டையில் இருக்கும் தங்கை வீட்டு விசேஷங்களுக்குத்தான். தை மாதம் அவள் வீட்டுப் பால்காய்ப்புக்கு இன்னும் ஒரு லட்சம் கேட்கிறாள். இதற்கிடையில் வங்கியில் ஒரு திட்டம் சொல்கிறார்கள். வருஷம் 1 லட்சம் வீதம் 10 வருஷம் கட்டினால் 12-ஆம் வருஷ முடிவில் 14 லட்சமாம். சேரலாமா? முதியோருக்கான அரசு செலவு இனி கூடத்தானே செய்யும்?

பதில்: சேர வேண்டாம். கூட்டிக் கழித்தால் அந்தத் திட்டத்தில் வருஷத்துக்கு நாலரை சதவீதம்தான் தேறும். நகைக்கடனுக்கு நீங்கள் கட்டுவது நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது 12 சதவீதம். பன்னிரண்டு கொடுத்து நாலரை வாங்க எதற்கு அண்ணாச்சி பத்து வருஷ ஒப்பந்தம்? ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அரசு செலவு கூடுமா? மொத்தச் செலவு கண்டிப்பாகக் கூடும். ஆனால் தலைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. தமிழ்நாட்டில் 2021-ல் நூற்றுக்குச் சுமார் 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2036-ல் ஐந்தில் ஒருவர் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பே சொல்கிறது. பிறப்பு குறைந்துகொண்டே வருவதால் வரி கட்டும் வயதுக்காரர்கள் அந்த அளவுக்குக் கூடப் போவதில்லை. நீங்கள் 70-ஐத் தொடுவது அதற்கும் பிறகு, வரிசை நீண்ட காலத்தில்.

முதியோர் பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் 1,000 ரூபாய் ஆனது. அது 1,200 ஆவதற்கு 2023 வரை ஆனது. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறியதாக வைத்தாலும் 2,000 ஆகியிருக்க வேண்டும். அதிலும் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல வருஷமாக அதே 200 ரூபாய்தான். யாரையும் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் பெருகும்போது தொகை இப்படித்தான் நகரும்.

உங்கள் கடிதத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு உங்கள் கையிலிருந்து போனது ஒன்றுமில்லை. அதன் பிறகு போனது 18,000 பெருக்கல் 8, அதாவது 1,44,000. 2024-ல் மத்திய அரசு அறிவித்த அந்த 5 லட்சமும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டில் தூக்கி உட்காரவைக்கிற ஆளுக்கு அது சம்பளம் கொடுக்காது. அதுவும் 70-க்கு மேல். 56-லிருந்து 70 வரை, சுகரோடு, கையில் எந்தக் காப்பீடும் இல்லாமல் இருக்கப்போகிறீர்களா? (அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரைகளுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தருவார்கள்.)

இப்போது உண்மையான ஓட்டைக்கு வருகிறேன். வருஷம் முடிந்ததும் அடகுக் கவுண்டருக்குப் போகிறீர்கள், வட்டியைக் கட்டுகிறீர்கள். அதே சங்கிலியை மறுபடி எடை போடுகிறார்கள். ‘பவுன் விலை ஏறியிருக்கு, இன்னும் எழுபதாயிரம் சேர்த்துத் தரலாம்’ என்கிறார்கள். வாங்கிக்கொண்டு நேரே சுரண்டைக்குப் போகிறீர்கள். நகை கூடவில்லை, கடன் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைய வட்டியே வருஷம் 48,000. அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்ட பாலிசி 32,000.

வீட்டில் மதினியிடம் உட்கார்ந்து பேசுங்கள். நகை அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும். ஒரு பகுதியை விற்றுக் கடனில் 2 லட்சத்தை அடைத்துவிடுங்கள். வங்கித் திட்டத்துக்கு வருஷம் 1 லட்சம் கட்ட முடியும் என்றால், மீதி 2 லட்ச அசலை இரண்டு வருஷத்தில் அதே பணத்தால் முடிக்கலாம். அதன் பிறகு மாதம் 3,000 தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுங்கள். 6.7 சதவீத வட்டி என்று வைத்தால் ஐந்து வருஷத்தில் சுமார் 2.14 லட்சம் வரும். அம்மாவுக்கு ஆன கணக்கில் ஏறக்குறைய ஒரு வருஷ ஆள் செலவு.

தாய்மாமன் முறையைச் செய்ய வேண்டாம் என்று சொல்ல நான் யார்? குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போங்கள், கடைக் கல்லாவில் இருப்பதைக் கொடுங்கள். அடகுச் சீட்டு மட்டும் வேண்டாம். தங்கை முகம் ஒரு வாரம் கோணும்.

பால்காய்ப்புக்கு முன்பே புது பாலிசி எடுத்துவிடுங்கள். பிரீமியம் பழையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை என்பதுதான் ஆறுதல். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். பழைய பாலிசியை விட்டுவிட்டதால் அது புதிதாகத் தொடங்கும். விண்ணப்பத்தில் சுகர் இருப்பதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஏஜெண்ட் ‘அதெல்லாம் போட வேண்டாம்’ என்று சொன்னால் வேறு ஏஜெண்டைப் பாருங்கள்.