கடலுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

அன்புள்ள சார்,

போன மாதம் என் மகனோடு உட்கார்ந்து பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் '400 ப்ளோஸ்' பார்த்தேன். அவனுக்கு 12 வயது. கறுப்பு வெள்ளைப் படம், பிரெஞ்சு மொழி, போதாக்குறைக்கு சப்டைட்டில். எப்படியும் பாதியில் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. பையன் வகுப்பில் பொய் சொல்லும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் சிறார் இல்லத்திலிருந்து தப்பி ஓடிவரும் அந்தப் பையன் கடலோரத்தில் திரும்பிப் பார்க்கும்போது படம் அப்படியே நிற்கிறதல்லவா, இவன் வைஃபை போய்விட்டது என்று ரிமோட்டைத் தேடினான். படம் முடிந்துவிட்டதென்று சொன்னதும் ஒரே சண்டை. "அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு? போலீஸ் பிடிச்சாங்களா? வீட்டுக்குப் போனானா?" என்று இரண்டு நாள் பிடுங்கி எடுத்துவிட்டான். முடிவு சொல்லாமல் விடுவதுதான் கலை என்று சமாளித்தேன். எனக்கே அது சாக்காகத்தான் பட்டது. இந்த வயதில் இதைக் காட்டியது தவறா? அவன் கேள்விக்குப் பதில் சொல்கிற படம் ஏதாவது இருக்கிறதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு த்ரூஃபோவே பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் நான்கு தடவை. 1962-ல் ஒரு குறும்படம், பிறகு 1968, 1970, 1979 என மூன்று முழுநீளப் படங்கள். எல்லாவற்றிலும் நீங்கள் பார்த்த அதே பையன் ஆந்த்வான், அதே நடிகர் ழான்-பியர் லேயோ. 14 வயதில் நடிக்க வந்தவர் கடைசிப் படத்தில் முப்பதைத் தாண்டிவிட்டார். ஆந்த்வான் இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், காதலில் தோற்கிறான், பட்டாளத்திலிருந்து துரத்தப்படுகிறான், ஓட்டலில் இரவு வேலைக்குப் போகிறான், துப்பறியும் நிறுவனத்தில் சேர்கிறான், கல்யாணமாகிறது, குழந்தை பிறக்கிறது, விவாகரத்தும் ஆகிறது. போதுமா?

எனக்குப் போதவில்லை. 1968-ல் வந்த 'ஸ்டோலன் கிஸ்ஸஸ்' ரசித்துப் பார்க்கக்கூடிய படம்தான். ஆனால் சிறுவன் ஆந்த்வான் ஓடியதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் அவனுக்கென்று ஒரு அறை கிடையாது, நடைவழியில்தான் படுக்கை. பள்ளியில் எதற்கெடுத்தாலும் அவன்தான் குற்றவாளி. வளர்ந்த ஆந்த்வான் வேலையிலிருந்தும் பெண்களிடமிருந்தும் ஓடுவது வெறும் சுபாவம். பார்க்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது, வயிற்றைப் பிசைவதில்லை.

ஆனால் 1979-ல் வந்த கடைசிப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. முதல் படத்தில் உங்கள் மகன் சிரித்த இடம் நினைவிருக்கிறதா? முதல் நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றும்போது, நடுத்தெருவில் அம்மா வேறொரு ஆளை முத்தமிடுவதை ஆந்த்வான் பார்த்துவிடுகிறான். அவளும் இவனைப் பார்த்துவிடுகிறாள். மறுநாள் ஏன் வரவில்லை என்று ஆசிரியர் அதட்ட, "அம்மா செத்துட்டாங்க" என்கிறான். ஆசிரியரின் முகம் சட்டென்று மாறுவது உண்மையிலேயே சிரிப்புதான். சற்று நேரத்தில் அதே அம்மா அப்பாவோடு பள்ளிக்கு வந்து நிற்க, அப்பா எல்லார் முன்னாலும் அறைகிறார். இருபது வருடம் கழித்து 1979 படத்தில், தெருவில் அம்மா முத்தமிட்ட அந்த ஆள் ஆந்த்வானைச் சந்திக்கிறார். வயதாகிவிட்டது அவருக்கு. மோன்மார்த் கல்லறைத் தோட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போய் அம்மாவின் கல்லறையைக் காட்டுகிறார். சிறு வயதில் சொன்ன பொய் நிஜமாகிக் கிடக்கிறது, வழிகாட்ட வந்தவரோ அந்தப் பொய்க்குக் காரணமானவர். சுமாரான அந்தப் படத்தை நான் மன்னிப்பது இந்தக் காட்சிக்காகத்தான்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் மகனுக்கான சரியான பதில் பின்னால் வந்த படங்களில் இல்லை என்று நினைக்கிறேன். அது முதல் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது, நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். எழுத்து ஓடும்போது ஆந்த்ரே பஸானின் நினைவுக்கு என்று ஒரு சமர்ப்பணம் வரும். யார் அந்த பஸான்? த்ரூஃபோவும் இப்படி ஒரு பையன்தான். 1932-ல் பிறந்தவர், வீட்டில் வேண்டாத பிள்ளை. 1948-ல் அப்பாவே அவரைப் போலீசில் ஒப்படைக்க, வில்ஜுயிஃபில் இருந்த சிறார் கண்காணிப்பு இல்லத்தில் அடைக்கப்பட்டார். அவருக்காக ஓடியாடி, வெளியே வந்ததும் வேலையும் எழுத இடமும் கிடைக்க வழிசெய்தவர் சினிமா விமர்சகரான பஸான். பிறகு பட்டாளத்திலிருந்து ஓடி மாட்டிக்கொண்டபோதும் அவரேதான் வந்து நின்றார். 1958 நவம்பரில் '400 ப்ளோஸ்' படப்பிடிப்பு தொடங்கிய முதல் நாள் இரவு, 40 வயதில் பஸான் இறந்துபோனார்.

இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். தன் வாழ்க்கையிலிருந்து எத்தனையோ விஷயங்களை எடுத்துப் படத்தில் போட்ட த்ரூஃபோ, பஸானை மட்டும் போடவில்லை. ஆந்த்வானுக்குக் கைகொடுக்க ஒரு பெரியவர்கூட வருவதில்லை. அம்மா, அப்பா, ஆசிரியர், போலீஸ், நீதிபதி என்று எல்லாரும் அவனை அடுத்தவர் கையில் தள்ளிவிடுவதோடு சரி. இல்லத்தில் உளவியலாளர் கேள்வி கேட்கும் காட்சியில் அந்தப் பெண்மணியின் குரல் மட்டும்தான் கேட்கும், ஆள் தெரியமாட்டார். திரை முழுக்கப் பையன்தான். மேஜையை நோண்டிக்கொண்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு, ஒரு கேள்விக்கு மட்டும் வெட்கச் சிரிப்போடு பதில் சொல்கிறான். த்ரூஃபோ கேட்கக் கேட்க லேயோ அந்தக் கணத்தில் தோன்றியதைச் சொன்னார், குரல் பின்னால் மாற்றப்பட்டது. படத்திலேயே ஒரு பெரியவர் அவனை உட்காரவைத்து முழுசாகக் கேட்பது இங்கே மட்டும்தான், அவருக்கும் முகம் கிடையாது.

அதனால் "என்ன ஆச்சு?" என்று அவன் மறுபடி கேட்டால், "யாராவது வந்தாங்களா இல்லையாங்கிறதைப் பொறுத்தது, த்ரூஃபோவுக்கு ஒருத்தர் வந்தார்" என்று சொல்லுங்கள். 12 வயதுக்கு இது புரியும்.

நிஜமாகவே "அப்புறம் என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தது சினிமா இல்லை, தொலைக்காட்சி. 1964-ல் பிரிட்டனில் கிரனாடா டெலிவிஷன் ஏழு வயதுக் குழந்தைகள் 14 பேரை வைத்து 'செவன் அப்' என்ற ஆவணப்படத்தை எடுத்தது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப்போய்ப் படம் பிடித்தார்கள். 2019-ல் வந்த '63 அப்' வரை தொடர்ந்தது. முதல் படத்தில் ஆய்வாளராக இருந்து, அடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் இயக்கிய மைக்கேல் ஆப்டட் 2021-ல் இறந்துவிட்டார். பிரிட்டனில் ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அது பிறந்த வர்க்கமே முடிவு செய்துவிடுகிறது என்று காட்டுவதுதான் முதலில் நோக்கம். வசதியான வீட்டுப் பையன்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் பலித்தது. ஏழு வயதில் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' படிக்கிறேன், எனக்கு ஷேர் இருக்கிறது என்று ஒரு பொடியன் சொல்வான். அவன் பின்னால் வழக்கறிஞர் ஆனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் மற்றவர்களிடம். லிவர்பூல் புறநகரில் தெருவில் துள்ளிக்கொண்டு வரும் நீல் என்ற பையன், விண்வெளி வீரர் ஆவேன், முடியாவிட்டால் பஸ் ஓட்டுவேன் என்கிறான். 28 வயதில் ஸ்காட்லாந்தில் வீடு வாசல் இல்லாமல் அலைகிறான். அந்தப் பகுதியைப் பார்ப்பது எளிதல்ல. அவன் கதை அவ்வளவுதான் என்று நினைத்தால், 42-ல் லண்டனில் தேர்தலில் நின்று கவுன்சிலராக வந்து நிற்கிறார். லண்டன் கிழக்குப் பகுதியின் டோனி குதிரைப் பந்தய ஜாக்கி ஆக ஆசைப்பட்டவன். 21-ல் அவனைப் பார்த்த ஆப்டட், இவன் சீக்கிரம் சிறைக்குப் போவான் என்று முடிவுகட்டி, பின்னால் உதவட்டும் என்று அவனைத் தாதாக்கள் நடமாடும் இடங்களில் சுற்றவைத்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். டோனியோ டாக்சி ஓட்டிக் குடும்பத்தோடு நன்றாக இருந்தார். தன் கணிப்பு பொய்த்ததை ஆப்டட் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு மூன்று காட்சிகளை வைத்து ஒரு பிள்ளை எங்கே போய்ச் சேருவான் என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பு இயக்குநர்களுக்கு மட்டும் உரியதல்ல, நம் பள்ளிகளில் பெற்றோர் சந்திப்புக்குப் போனால் தெரியும்.

அமெரிக்க இயக்குநர் லிங்க்லேட்டரின் 'பாய்ஹுட்' (2014) பற்றியும் ஒரு வரி. ஒரே பையனை வைத்து 12 வருடம் எடுத்த படம். அக்காவாக நடித்தது இயக்குநரின் சொந்த மகள். நடுவில் அலுத்துப்போய், என் பாத்திரத்தைச் சாகடித்துவிடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். படம் முழுவதையும்விட இந்தச் செய்திதான் எனக்குப் பிடிக்கும்.

ஜப்பானிய இயக்குநர் கொரீடாவின் 'நோபடி நோஸ்' (2004) பற்றி உங்களுக்கு வேறு யாராவது சொல்லியிருந்தால், இப்போதைக்கு அவனுக்குக் காட்டாதீர்கள். 1988-ல் டோக்கியோவில் நான்கு குழந்தைகளைத் தாய் விட்டுப்போன நிஜ சம்பவத்திலிருந்து எடுத்தது. அடியும் ரத்தமும் கிடையாது, ஆனால் தாங்கமுடியாது. கதையின் போக்கிலேயே பருவத்துக்குப் பருவம் எடுத்ததால், மூத்த பையனின் குரல் படத்துக்குள்ளேயே உடைகிறது. அந்தப் பையனாக நடித்த யூயா யாகிரா 14 வயதில் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். அவனுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் போகட்டும்.

நீங்கள் '400 ப்ளோஸ்' காட்டியதில் ஒரு தவறும் இல்லை. அடுத்து 'செவன் அப்' போடுங்கள், 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். '28 அப்' வரை ஒரே மூச்சில் ஓட்டாமல் வாரம் ஒன்றாகப் போடுங்கள், நடுவில் இவன் என்ன ஆவான், அவள் என்ன ஆவாள் என்று அவனே சொல்லட்டும். நீலின் 28 வயதுப் பகுதி வரும்போது பக்கத்தில் இருங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.