மழையில போன பர்த்டே, டிஸ்சார்ஜ் சம்மரில ஒரு வரி

கேள்வி: வக்கீல் மேடம், நாங்க காவேரிப்பட்டணம். பையனோட 7வது பர்த்டேக்கு மே மாசம் குடும்பமா 6 பேர் பெங்களூர் பக்கம் ஒரு தீம் பார்க் போனோம். உள்ள போன ஒரு மணி நேரத்துல பேய் மழை, ரைடு எல்லாம் நிறுத்திட்டாங்க, பணம் திருப்பித் தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. பர்த்டே கேக்கை கேட்டுலயே புடுங்கி வச்சிக்கிட்டாங்க, எங்க அம்மா அழுதுட்டாங்க. மழை விட்டதும் தண்ணி ரைடு படிக்கட்டுல பையன் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. அங்கயே கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. கிருஷ்ணகிரி வந்து தனியார் ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணி கம்பி வச்சோம், பில் 58,000. கம்பெனி இன்சூரன்ஸ்ல 41,000 வந்துச்சு. ஆஸ்பத்திரில போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயந்து வீட்ல விழுந்துட்டான்னு சொல்லிட்டோம். இப்ப பார்க்காரங்க 25,000 ரூபாயும் 5 ஃப்ரீ டிக்கெட்டும் தர்றோம், லெட்டர்ல கையெழுத்து போடுங்கன்றாங்க. எனக்கு 10 லட்சம் கேட்டு கேஸ் போடணும், அவங்க மேல எஃப்ஐஆரும் போடணும். வழி சொல்லுங்க.

பதில்: நீங்க அனுப்பினது 4 பக்கம், நான் மேல சுருக்கிப் போட்டிருக்கேன். அதுல மூணு பக்கம் மழை, கேக், கேட்ல நின்ன செக்யூரிட்டி பேசின பேச்சு, அம்மா அழுகை. அந்த மூணு பக்கத்தையும் எடுத்து ஓரமா வச்சிடுங்க. மழை பெய்யும்போது ரைட நிறுத்தறது சேவைக் குறைபாடு இல்லீங்க, நிறுத்தாம ஓட்டியிருந்தாதான் குறைபாடு. ரைடெல்லாம் நிறுத்தின பிறகும் உங்களுக்கு முழு டிக்கெட் வித்திருந்தா பணம் கேக்கலாம், ஆனா நீங்களே ஒரு மணி நேரம் விளையாடினோம்னு எழுதியிருக்கீங்க. கேக் விஷயத்த எந்த நுகர்வோர் ஆணையத்துலயும் பேசாதீங்க, உறுப்பினர் சிரிச்சிட்டா அப்புறம் கை முறிஞ்சதும் சின்னதாத் தெரியும். (உங்க ஊர் பக்கத்துலயே இருக்கற கேஆர்பி டேம் பார்க்ல கேக் வெட்டியிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது, அது வேற.)

உங்க கேஸ்ல இருக்கறது ஒரே ஒரு விஷயம்: பையன் எங்க விழுந்தான், அதுக்கு எழுத்துல என்ன இருக்கு. அந்த விஷயத்த நீங்க நாலாவது பக்கத்துல, கடைசிக்கு முந்தின வரில, போற போக்குல சொல்லியிருக்கீங்க.

நுகர்வோர் ஆணையத்துல எப்படி போடறதுன்னு உங்களுக்கே தெரியும்னு நினைக்கிறேன், சம்பவம் கர்நாடகாவுல நடந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 34வது பிரிவுல நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 2 வருஷம் டைம் இருக்கு, நீங்க குடுத்த டிக்கெட் காசு 5 லட்சத்துக்குள்ளங்கறதால ஃபீஸும் கிடையாது. இதுல ஒரு சிக்கல். ஃபீஸ் டிக்கெட் காச வச்சுதான், கேக்கற நஷ்டஈட்ட வச்சு இல்ல, அதனால எல்லாரும் 10 லட்சம் 20 லட்சம்னு சும்மா ஏத்தி எழுதிடறாங்க. சட்டப்படி தப்பில்ல, ஆனா 58,000 பில்லுக்கு 10 லட்சம்னு பார்த்ததுமே எதிர்த்தரப்பு வக்கீல் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ட வரவழைக்கணும்னு மனு போடுவார், அதுதான் நீங்க பயப்பட வேண்டிய பேப்பர்.

இத நான் எத்தனை தடவ பார்த்துட்டேன் தெரியுமா. நம்ம பக்கத்து ஜனங்களுக்கு எம்எல்சினு (ஆஸ்பத்திரில இருந்து போலீஸுக்குத் தகவல் போற கேஸ்) ஒரு வார்த்தை கேட்டா போதும், கை கால் உதறும். கேஷுவாலிட்டில நர்ஸ் "எப்படி விழுந்தான், போலீஸ் கேஸா?"னு கேப்பாங்க, பக்கத்துல நிக்கற மாமா "வீட்லதான் மேடம், படில வழுக்கிட்டான்"னு சொல்லிடுவார், அந்த ஒரு வரி அட்மிஷன் ஷீட்டுக்குப் போகும், அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும், அங்கிருந்து இன்சூரன்ஸ் ஃபார்முக்குப் போகும். ஜிஎச்சுக்குப் போயிருந்தா ஏஆர் புக்ல, அதாவது விபத்துப் பதிவேட்டுல, ஒரு என்ட்ரி விழுந்திருக்கும், எங்க விழுந்தான்னு அதுல இருந்திருக்கும், அந்த ஒரு காப்பி போதும் பாதி கேஸ் முடிஞ்ச மாதிரி. பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு கட்சிக்காரர், ஒரு கடை வாசல்ல ஈர டைல்ஸ்ல விழுந்து இடுப்பு போச்சு, அவரோட சம்மரில "தோட்டத்தில் வழுக்கி விழுந்தார்"னு இருந்துச்சு. நாலு சாட்சி கொண்டு வந்தோம். குறுக்கு விசாரணைக்குக் கேள்வி அனுப்பினாங்க, மொத கேள்வியே "டாக்டரிடம் சொன்னது பொய்யா, ஆணையத்தில் சொல்வது பொய்யா?" அதுக்கு நாங்க என்ன பதில் எழுதினாலும் ஒரு பொய் எங்க பக்கம்தான் நின்னுச்சு. தள்ளுபடி.

இதவிட மோசம் அடுத்து பண்றது. தெரிஞ்ச டாக்டர்தானேன்னு போய் பழைய சம்மரிய மாத்தி "பார்க்கில் விழுந்தான்"னு எழுதி வாங்கிட்டு வருவாங்க. தயவு செஞ்சு அந்தப் பக்கமே போயிடாதீங்க. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல மொத பதிவு நேரத்தோட இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட மொத காப்பி இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நஷ்டஈடு கேஸ் போய் போலி ஆவணக் கேஸ் வரும், அதுல டாக்டரும் சேர்ந்து மாட்டுவார்.

இன்சூரன்ஸ் உங்களுக்குத் தனித் தலைவலி. 41,000 வாங்கினது வீட்ல விழுந்தான்னு எழுதிக் குடுத்த ஃபார்ம் மேல. நாளைக்கு ஆணையத்துல பார்க்ல விழுந்தான்னு பிரமாண வாக்குமூலம் குடுத்தா அந்த ஃபார்ம் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உண்மைய சொல்லியிருந்தாலும் அந்தக் காசு பெரும்பாலும் வந்திருக்கும், ஒரு எம்எல்சி காப்பியோ லெட்டரோ கேட்டிருப்பாங்க, அவ்ளோதான். இப்ப என்ன வழின்னா நீங்களே ஆபீஸ் ஹெச்ஆர் மூலமா இன்சூரன்ஸுக்கு எழுதிடுங்க, பதட்டத்துல இடத்தைத் தப்பா சொல்லிட்டோம், சரியான இடம் இதுன்னு. அவங்க கண்டுபிடிச்சு கேக்கறதுக்கும் நீங்க முன்னாடியே சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு.

சரி, உங்க பக்கம் ஏதாவது இருக்கான்னு பார்த்தேன். 14 போட்டோ அனுப்பியிருக்கீங்க. ஆறாவது போட்டோல பையன் கைல க்ரேப் பேண்டேஜோட பெஞ்ச்ல உக்காந்திருக்கான், பின்னாடி பார்க்கோட ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் போர்டு பாதி தெரியுது. அது தங்கம். ஆனா நீங்க எனக்கு அனுப்பினது வாட்ஸப்ல, அதுல எடுத்த தேதி நேரம் எதுவும் நிக்காது. ஒரிஜினல் எந்த போன்ல இருக்கோ அந்த போன விக்காதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, பையன்கிட்ட கேம் விளையாடக் குடுக்காதீங்க. ஒன்பதாவது போட்டோவ நீங்க சரியா பார்க்கலன்னு நினைக்கிறேன். படிக்கட்டோட மொத படில மஞ்சள் கலர்ல "தரை வழுக்கும்" போர்டு பளிச்சுனு நிக்குது, அதுக்கு முன்னாடி உங்க பையன் ரெண்டு விரல காட்டிட்டு போஸ் குடுக்கறான். அந்த போட்டோவால மட்டும் கேஸ் தோத்துடாது, 7 வயசுப் பையன் போர்டு படிச்சுட்டு நடக்கணும்னு யாரும் சொல்லமாட்டாங்க, ஈரப் படில ஏன் கயிறு கட்டல, ஏன் ஆள் நிக்கலன்னு நாம கேக்கலாம். ஆனா பக்கத்துல அப்பா அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு அவங்களும் கேப்பாங்க, அதுக்கு பதில் அதே போட்டோல இருக்கு, நீங்க போட்டோ எடுத்துட்டு இருந்தீங்க.

டிக்கெட் பின்னாடி "சொந்தப் பொறுப்பில்"னு அச்சடிச்சிருக்கறதப் பத்தி ரொம்பக் கவலைப்பட்டிருக்கீங்க, அது அவங்க அஜாக்கிரதைய மூடிடாது, விடுங்க. ஆனா நெட்ல கிடைக்கற டிராஃப்ட்ட காப்பி அடிச்சு "நியாயமற்ற ஒப்பந்தம்"னு அறிவிக்கச் சொல்லி மாவட்ட ஆணையத்துல கேக்காதீங்க, அந்த அதிகாரம் மாநில ஆணையத்துலதான் ஆரம்பிக்குது, அந்த ஒரு வரிக்காக கேஸ் நிக்குமா நிக்காதான்னே ஆறு மாசம் ஓடிடும். சட்டம் 3 மாசத்துல முடிக்கணும்னு சொல்லுது, அத நம்பி லீவு போடாதீங்க.

எஃப்ஐஆர் வேண்டாம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான், பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 125வது பிரிவு வரும், எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், எல்லாம் சரி. ரெண்டு மாசம் கழிச்சு, வீட்ல விழுந்தான்னு ரெக்கார்டு வச்சுக்கிட்டு, கர்நாடகா எல்லைல அட்டிபெலே தாண்டி, கேஸ விசாரிக்கப் போற ஒரு ஸ்டேஷனுக்கு எத்தன தடவ அலைவீங்க? உங்க சம்மரி காப்பிய மொதல்ல கேக்கப் போறதே அந்த ஸ்டேஷன் ரைட்டர்தான்.

அதனால நேரா சொல்றேன், செட்டில் பண்ணுங்க. பார்க்காரங்களுக்கு உங்க டிஸ்சார்ஜ் சம்மரில என்ன இருக்குன்னு இன்னும் தெரியாது, தெரிஞ்சிருந்தா 25,000 பேசியிருக்க மாட்டாங்க. அதுக்காக எதையும் மறைச்சு ஏமாத்தச் சொல்லல, கேட்டா உண்மைய சொல்லுங்க, பயத்துல அப்படி சொன்னோம், உங்க ஃபர்ஸ்ட் எய்ட் ரெஜிஸ்டர்ல எங்க பையன் பேர் இருக்கு பாருங்கன்னு. அந்த ரெஜிஸ்டரையும் அன்னைக்கு சிசிடிவியையும் பத்திரமா வைக்கச் சொல்லி தேதி, நேரம், எந்தப் படிக்கட்டுன்னு குறிப்பிட்டு இந்த வாரமே ரெஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ் போயிடணும், பழைய காட்சி மேல புதுசு பதிவாகி போயிருந்தாலும் பரவால்ல, நீங்க கேட்டதுக்கு ஆதாரம் இருக்கும். ஃப்ரீ டிக்கெட்ட வேண்டாம்னுட்டு அதுக்குப் பதிலா காசா கேளுங்க. கைல இருந்து போன 17,000, கம்பி எடுக்கற செலவு, பிசியோ, நீங்க ரெண்டு பேரும் போட்ட லீவு, அதுக்கு மேல பையன் பட்ட வலிக்குன்னு ஒரு தொகை, 50,000 பக்கம் வந்தா வாங்கிட்டு வந்துடுங்க.

ஆனா அந்த லெட்டர்ல இப்ப கையெழுத்து போட்டுடாதீங்க. "முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்ற வரி நாலாவது பத்தில இருக்கு, நீங்க அனுப்பின காப்பில பார்த்தேன். சின்னப் பசங்களுக்கு மணிக்கட்டுகிட்ட முறிஞ்சா எலும்பு வளர்ற இடத்துல அடிபட்டிருக்கலாம், அது தெரியறதுக்கு நாள் ஆகும், அதுக்குள்ள கையெழுத்து போட்டுட்டா அப்புறம் கை கோணலா வளர்ந்தாலும் அந்தப் பேப்பரத்தான் உங்க முன்னாடி நீட்டுவாங்க. 18ஆம் தேதி எலும்பு டாக்டர்கிட்ட ரிவ்யூ இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு பார்க்லதான் விழுந்தான்னு அவர்கிட்ட சொல்லி, அன்னைக்குத் தேதிலயே ஓபி சீட்டுல எழுதச் சொல்லுங்க, பழைய ஷீட்ல கை வைக்க வேண்டாம். வளர்ச்சிக்கு ஏதாவது பாதிப்பு இருக்குமான்னும் எழுதி வாங்குங்க. இருக்கலாம்னு எழுதினா அந்த நாலாவது பத்திய அடிச்சுட்டு, பின்னாடி வர்ற வைத்தியச் செலவு இதுல சேராதுன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. அவங்க ஒத்துக்கலன்னா சீட்டோட ஆபீஸுக்கு வாங்க, அப்ப கேஸ் போடறதப் பத்திப் பேசலாம்.