தாத்தா வியட்நாமின் சைகோனிலிருந்து அனுப்பிய கடிதங்கள், போட்டோக்களை லேமினேட் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது. முதலில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின்களைக் கழற்றுங்கள். புதுச்சேரிக் கடற்காற்றுக்குத் துரு சீக்கிரம் காகிதத்தில் இறங்கிவிடும். அமிலமில்லாத காகித உறையில் வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள். பரண் கூடாது.

கருப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தில் நீலப் பளபளப்பு தெரிகிறதா? அழுக்கு இல்லை, படத்திலுள்ள வெள்ளி மேலே வந்திருக்கிறது. துடைக்காதீர்கள்.

கடித உறைகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள் (நம் வீடுகளில் முதலில் போவது அதுதான்). தாத்தா 1946–54 இந்தோசீனப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்றால், உறையில் ‘எஸ்.பி.’ என்ற பிரெஞ்சு எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கலாம். அது ராணுவத் தபால் எண். எந்தப் படைப்பிரிவு என்று தேட நல்ல துப்பு.

படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் விழவைக்கும்.