குளோபிடோக்ரலும் ஒமிப்ரசோலும்: நேரம் பிரித்துப் போட்டால் போதுமா?

போதாது. பக்கவாதம் வந்த உங்கள் அப்பாவுக்கு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் 75 மில்லிகிராமைக் காலையிலும், அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையான ஒமிப்ரசோலை இரவிலும் என 12 மணி நேரம் தள்ளிக் கொடுத்தாலும் சிக்கல் தீராது.

குளோபிடோக்ரல் விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்து இல்லை. கல்லீரலில் உள்ள என்சைம்கள், முக்கியமாக சிஒய்பி2சி19, அதை மாற்றிய பிறகுதான் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். அந்த என்சைமைத்தான் ஒமிப்ரசோல் மட்டுப்படுத்துகிறது, நேரம் தள்ளிக் கொடுத்தாலும் அந்தத் தாக்கம் போய்விடாது. அதே வகை வயிற்று மாத்திரையான எசோமெப்ரசோலும் அப்படியே. அந்த வகையிலேயே பாண்டோப்ரசோலுக்கு இந்தக் குணம் குறைவு. அதற்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அதற்கு முன் வயிற்று மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கம்பெனி வைத்த பெயரை விடுங்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். கூட்டு மாத்திரை என்றால் ஒமிப்ரசோல் அதற்குள் ஒளிந்திருக்கலாம். நானே ஒருமுறை அப்படி ஏமாந்தேன்.

அப்புறம், இதற்குப் பயந்து குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு அதுதான் பெரிய ஆபத்து. கூடவே ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார் என்றால் வயிற்று மாத்திரையையும் சட்டென விட வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.